வாவிக்கரை வளவில் 475 கிலோஹேர்ட்ஸ்: தாழ்மீடிறன் பரப்பு நிலையம் அமைக்கும் முறை

475 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 631 மீற்றர். முறையான கால் அலை அன்ரெனா என்றால் 158 மீற்றர் உயரம் வேண்டும். இருபது பேர்ச் காணியில் நிறுத்தக்கூடியது பத்து மீற்றர்க் குழாய் ஒன்றும், அதன் உச்சியிலிருந்து மூலைவிட்டமாக இழுக்கும் முப்பது மீற்றர்க் கம்பியும்தான். அலையோடு ஒப்பிட்டால் இது ஊசிமுனை. ஆனாலும் இப்படியான அன்ரெனாக்களிலிருந்து போகும் சமிக்ஞைகள் இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து பிடிபடுகின்றன. அதற்குப் பெரிய பரப்பி (அனுப்பும் கருவி) தேவையில்லை. கம்பியில் ஏறும் வலுவில் எவ்வளவு மண்ணிலும், அன்ரெனாவின் அடியில் தொடராக வரும் கொயிலிலும் சூடாகிக் கரைகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் ஈரமும் உப்புமான மண் இந்த வேலைக்கு வாய்ப்பானது. அதே உப்பு காற்றில் வந்து கொயிலையும் இன்சுலேற்றரையும் கெடுக்கும். இரண்டையும் கணக்கில் எடுத்தே கீழுள்ள முறை சொல்லப்படுகிறது.

முதலில் அனுமதி

உலக அளவில் அமெச்சூர்களுக்கு (பொழுதுபோக்காக, அனுமதி பெற்று வானொலி நிலையம் நடத்துபவர்களுக்கு) இரண்டு தாழ்ந்த பட்டைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையானது 2007ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டிலும், 472 முதல் 479 வரையானது 2012ஆம் ஆண்டு மாநாட்டிலும் கிடைத்தன. இரண்டிலும் நாம் இரண்டாம் நிலைப் பாவனையாளர்கள். முதல் நிலைச் சேவைக்கு இடைஞ்சல் வந்தால் நிறுத்தவேண்டியது நாம்தான். கதிர்வீச்சு வலுவின் பொது எல்லை 1 வாற். இது பரப்பியிலிருந்து வெளியேறும் வலு அல்ல, எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் கற்பனை அன்ரெனா ஒன்றோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் வலு. எப்படிக் கணக்கிடுவது என்பது பின்னால் வருகிறது.

மாநாட்டு ஒதுக்கீடு உங்கள் கையிலுள்ள அனுமதி ஆகாது. இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தந்த அமெச்சூர் அனுமதிப்பத்திரத்தில் இந்தப் பட்டைகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். பெறும்வரை கேட்பதும், அன்ரெனாவை அளப்பதும், பரப்பியை அன்ரெனாவுக்குப் பதிலான செயற்கைச் சுமையில் சோதிப்பதும் போதும். அந்த வேலைகளே இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.

கேட்டுப் பழகுதல்

பரப்பி செய்ய முன்னர் ஒரு மாதமாவது கேளுங்கள். நீங்கள் அனுப்புவது எங்கே கேட்கிறது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். உங்கள் வளவின் இரைச்சல் எவ்வளவு என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

பழைய ஐகொம் 718 போன்ற செற் 30 கிலோஹேர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்கும். எயர்ஸ்பை எச்எஃப் பிளஸ் மாதிரியான எஸ்டிஆர் (கணினி மென்பொருளோடு இயங்கும் ஏற்பி) இன்னும் நல்லது. மலிவான தொலைக்காட்சி டொங்கிள்களை நேரடி மாதிரியெடுப்பில் போட்டால் பலமான மத்திய அலை நிலையங்கள் உள்ளே வழிந்து, எல்லா இடத்திலும் பாட்டுக் கேட்கும். புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் பரப்பும் 400 கிலோவாற் நிலையம் ஒன்றே போதும், இரவில் மலிவான ஏற்பியைத் திணறடிக்க. பின்னால் பரப்பிக்காகச் சொல்லும் வடிகட்டியைச் சிறிய பாகங்களால் இன்னொன்று செய்து ஏற்பிக்கு முன்னால் போட்டால் இது தணியும்.

கேட்பதற்கு நீளக் கம்பியைவிட வளைய அன்ரெனா மேல். ஒரு மீற்றர்ப் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை அரை அங்குலப் பிவிசி குழாயால் செய்யுங்கள். அதில் பத்துச் சுற்று வயரை, சுற்றுக்குச் சுற்று ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். நாற்பது மீற்றர் வயர் போகும், கிடைப்பது சுமார் 300 மைக்ரோஹென்றி. பழைய வால்வு அல்லது ட்ரான்ஸிஸ்டர் வானொலியில் இருந்து கழற்றிய இரட்டைக் காங் கொண்டென்சரின் இரு பகுதிகளையும் ஒன்றாக இணைத்துக் குறுக்கே போட்டால், 380 பிக்கோஃபாரட் அளவில் 475 கிலோஹேர்ட்ஸ் பிடிக்கும். அதே வளையம் 137க்கும் வேண்டுமென்றால் 4300 பிக்கோஃபாரட் நிலையான கொண்டென்சர் ஒன்றைச் சுவிட்சால் சேர்த்துவிடலாம். ஏற்பிக்குச் செல்வது இந்தக் கம்பியல்ல. அதே சட்டத்தில் தனியாக ஒரேயொரு சுற்றுப் போட்டு அதன் இரு முனைகளையும் கோஅக்சியல் கேபிளுக்குக் கொடுங்கள்.

வளையத்தின் பெரிய நன்மை, திருப்பினால் ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று விழுவதுதான். எல்ஈடி பல்புகள், போன் சார்ஜர்கள், மின்விசிறியின் இலத்திரனியல் றெகுலேற்றர், பக்கத்து வீட்டுச் சூரிய மின் இன்வேட்டர் எல்லாம் இந்தப் பட்டையில் கத்தும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஏற்பியைப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் கள்ளன் வீட்டுக்குள். ஒவ்வொரு சேர்க்கிட்டாகப் போட்டுத் தேடுங்கள். விழாவிட்டால் கையடக்க ஏஎம் வானொலியை 530 கிலோஹேர்ட்ஸ் அடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்து பாருங்கள். சூரிய மின் இன்வேட்டர் என்றால் பொழுது சாய்ந்ததும் தானாக நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் இரவுதான்.

ஏற்பி சரியா என்று அறிய 518 கிலோஹேர்ட்ஸில் காதை வையுங்கள். கப்பல்களுக்கான நேவ்டெக்ஸ் வானிலை அறிவிப்புகள் இந்தியக் கரையோர நிலையங்களிலிருந்து அதில் வரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். இரவில் அதுவே கேட்காவிட்டால் பிழை உங்கள் பக்கத்தில்தான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழைக் காலத்தில் பட்டை முழுவதும் வெடித்துக்கொண்டிருக்கும், அதை வைத்து ஏற்பியைக் குறை சொல்லவேண்டாம். மாரி மழை ஓய்ந்த தை, மாசி இரவுகள்தான் பொறுமையாகக் கேட்க உகந்தவை.

அன்ரெனா

பத்து மீற்றர் நிமிர்ந்த கம்பியும் முப்பது மீற்றர் படுக்கைக் கம்பியும் சேர்ந்த தலைகீழ் எல் வடிவம் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நிமிர்ந்த கம்பிக்கு மீற்றருக்கு 6, படுக்கைக்கு மீற்றருக்கு 5 பிக்கோஃபாரட் என்று வைத்தால் மொத்தம் 210 பிக்கோஃபாரட். மீடிறன் தாழ்ந்த இந்த இடத்தில் அன்ரெனா என்பது உண்மையில் ஒரு கொண்டென்சர். கம்பி ஒரு தகடு, மண் மற்றத் தகடு. படுக்கைக் கம்பி தானாக வீசுவது குறைவு. அது நிமிர்ந்த கம்பியின் உச்சிவரை மின்னோட்டத்தை இழுத்து வைத்திருக்கிறது, அதனால் பத்து மீற்றரில் சுமார் 8.5 மீற்றர் பயனுள்ள உயரமாகிறது. இந்த உயரத்துக்குக் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் வலுவைக் குறிக்கும் தடை) 0.29 ஓம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

கம்பத்துக்கு இரண்டு அங்குல ஜிஐ குழாய் இரண்டைப் பொருத்தலாம். தென்னையிலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டலாம், ஆனால் கம்பி ஓலையில் தொடக்கூடாது, மரத்தோடு ஒட்டியும் ஓடக்கூடாது. ஈரமான மரம் கம்பியருகில் நின்றால் மின்புலத்தில் ஒரு பங்கைக் குடித்துவிடும், இழப்புத் தடை ஏறும். கச்சானிலும் வாடையிலும் ஓலை ஆடும்போது பரிவும் (அன்ரெனா ஒத்திசையும் மீடிறனும்) சேர்ந்து ஆடும். குறைந்தது மூன்று மீற்றர் தள்ளிக் கயிற்றால் இழுத்து நிறுத்துங்கள். முனைகளுக்கு இன்சுலேற்றர் தேடி அலையவேண்டாம். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தடித்த தங்கூசியை (நைலோன் நரம்பை) ஒரு மீற்றர் நீளத்தில் நாலு பட்டாக முறுக்கிக் கட்டினால் இரண்டாயிரம் வோல்ற்றையும் தாங்கும், உப்பும் அவ்வளவாகப் படியாது. மஞ்சள் பொலிப்புறப்பிலீன் கயிறு வெயிலில் உக்கிவிடும். வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

கம்பமோ கம்பியோ எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்சார சபைக் கம்பியைத் தொடாத இடம்தான் இடம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி போன்றது வரும் கரை இது. கம்பத்தின் அடியில் சாய்த்து இறக்கக்கூடிய மூட்டு வைத்து, எச்சரிக்கை வந்தவுடன் இறக்கிவிடுங்கள்.

எர்த்: காசும் உழைப்பும் போகவேண்டிய இடம்

இந்த நிலையத்தில் எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால், முதலில் எர்த்தில், பிறகு கொயிலில், கடைசியில்தான் பரப்பியில். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். எர்த் இழப்பு 30 ஓம், கொயில் இழப்பு 7 ஓம், கதிர்வீச்சு 0.29 ஓம் என்றால் மொத்தம் 37 ஓம் சொச்சம். 25 வாற் கொடுத்தால் ஓட்டம் 0.82 அம்பியர். கதிர்வீச்சு வலு = 3 × ஓட்டத்தின் வர்க்கம் × கதிர்வீச்சுத் தடை. ஆக 0.58 வாற். எர்த்தைச் செம்மைப்படுத்தி 15 ஓமுக்கு இறக்கினால் அதே 25 வாற் 1.06 அம்பியர் ஓட்டும். கதிர்வீச்சு 0.97 வாற். எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். பரப்பியில் ஒரு வாற்கூடச் சேர்க்கவில்லை.

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி போன்ற மணற்பாங்கான இடங்களில் மேல்மணல் வரண்டு கிடக்கும், ஒன்றிரண்டு மீற்றரில் தண்ணீர் வந்துவிடும். வீட்டு வயறிங்குக்கு விற்கும் 1.2 மீற்றர் செம்புக் கம்பம் ஒன்று அந்த வரண்ட மணலோடு நின்றுவிடுவதால் தனியாகப் பயன் தராது. இரண்டை இணைத்து ஆழமாக இறக்குங்கள், அல்லது முழங்கை ஆழக் குழிக்குள் அடித்துத் தொடங்குங்கள். மணலில் இதை அடிப்பது எளிது. அம்பாறைப் பக்கத்து வயல் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அங்கே கம்பங்கள் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆடி ஆவணியில் வெடித்துப்போன களிமண் வேறு. வளவின் கோடியில் வாவி தொட்டால் பத்து மீற்றர் வெறும் செம்புக் கம்பியைச் சுருட்டித் தண்ணீருக்குள் போட்டுக் கல் கட்டி விடுங்கள். அதைவிட நல்ல எர்த் கிடையாது. குடிக்கும் கிணற்றுக்குள் செம்பு போடவேண்டாம்.

கம்பங்கள் தொடக்கம் மட்டும்தான். மின்புலம் அடர்ந்திருப்பது படுக்கைக் கம்பிக்கு நேர் கீழே உள்ள மண்ணில். ஓட்டம் அந்த மண் வழியாகவே திரும்பி வருகிறது. அங்கே கம்பிகளைப் பரப்பினால் ஓட்டம் மண்ணுக்குப் பதில் செம்பில் வரும். பத்து மீற்றர்க் கம்பிகள் பதினாறை எடுத்து, பாதிக்கு மேல் படுக்கைக் கம்பிக்குக் கீழே விரல் ஆழத்தில் புதையுங்கள், மீதியை மற்றத் திசைகளுக்கு விடுங்கள். 1/1.13 வீட்டு வயர் நூறு மீற்றர்ச் சுருள் இரண்டு வாங்கினால் போதும். நீளமான நாலு கம்பியைவிடக் குட்டையான பதினாறு மேல். இணைப்புகளைப் பித்தளைக் கிளாம்பால் இறுக்கி, ஈயம் ஒட்டி, கிறீஸ் தடவி, ரப்பர் நாடாவால் மூடுங்கள். பச்சை பூத்த இணைப்பு ஒரே மாரியில் பத்து ஓமைச் சேர்த்துவிடும்.

வீட்டு மின்சார எர்த்தோடு இதை இணைக்கவேண்டாம். வீட்டு இரைச்சல் அனைத்தும் அதன் வழியே அன்ரெனாவுக்கு ஏறும், நீங்கள் அனுப்பும்போது ட்ரிப் சுவிட்ச் விழும். தகரக் கூரையோடும் வேண்டாம். துருப்பிடித்த தகர மூட்டுகள் டயோட் மாதிரி நடந்து மத்திய அலை நிலையங்களை ஒன்றோடொன்று கலந்து உங்கள் பட்டைக்குள் கொட்டும்.

எப்படி அளப்பது? நானோவிஎன்ஏ என்ற சிறிய அன்ரெனா அளக்கும் கருவி 50 கிலோஹேர்ட்ஸ் வரை இறங்கும். கொயிலைப் பொருத்திய பிறகு கொயிலின் கீழ்முனைக்கும் எர்த்துக்கும் இடையில் இணைத்து, பரிவு வரும் இடத்தில் தடையை வாசியுங்கள். கொயிலின் 7 ஓமைக் கழித்தால் மீதி எர்த்தும் சூழலும். ஒவ்வொரு நான்கு கம்பிக்கும் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். எண் இறங்குவது நின்றுவிட்டால் அதற்குமேல் புதைக்கவேண்டாம், அந்த இடத்தின் எல்லை அதுதான். பகலில் அளந்து பாருங்கள், இரவில் மத்திய அலை நிலையங்கள் கருவியைக் குழப்பும்.

கொயில்

210 பிக்கோஃபாரட்டை 475 கிலோஹேர்ட்ஸில் பரிவுக்குக் கொண்டுவர 535 மைக்ரோஹென்றி வேண்டும். 160 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் 1/1.13 வயரை நெருக்கமாக 85 சுற்றுச் சுற்றினால் 230 மில்லிமீற்றர் நீளத்தில் சுமார் 615 மைக்ரோஹென்றி வரும். 44 மீற்றர் வயர் போகும். மேல்முனையிலிருந்து ஐந்து சுற்றுக்கு ஒன்றாக ஆறு இடத்தில் தோலைச் சுரண்டிச் சிறு கொக்கி ஒட்டுங்கள். அன்ரெனாக் கம்பி எந்தக் கொக்கியில் பொருந்துகிறதோ அதில் போகும். மேலே மிஞ்சும் சுற்றுகளைச் சும்மா தொங்க விடலாம், ஆனால் அங்கே வோல்ற்றளவு இன்னும் ஏறும் என்பதால் பரிவு உறுதியானதும் வெட்டிவிடுவதே நல்லது. எனாமல் கம்பியை ஒட்டி ஒட்டிச் சுற்றுவதைவிட வீட்டு வயர் நல்லது. பிவிசி தோல் சுற்றுகளைத் தள்ளி வைப்பதால் இழப்புக் குறைகிறது.

நுண்ணிய சரிப்படுத்தலுக்கு உள்ளே ஒரு சுழலும் கொயில். 110 மில்லிமீற்றர் குழாயில் 60 மில்லிமீற்றர் துண்டை வெட்டி 12 சுற்றுச் சுற்றுங்கள். பெரிய குழாயின் கீழ்முனையிலிருந்து ஐம்பது மில்லிமீற்றர் மேலே துளையிட்டு, அந்த இடத்தில் சுற்றுகளுக்கிடையில் சிறு இடைவெளி விட்டு, நைலோன் கம்பை அச்சாகச் செருகுங்கள். மரக்கம்பு வேண்டாம், ஈரம் குடிக்கும். இரண்டு கொயிலும் தொடராக இணைய வேண்டும், இடையில் நெகிழ்வான வயர். அச்சைத் திருப்பினால் ஏறத்தாழ 80 மைக்ரோஹென்றி கூடவும் 80 குறையவும் இடம் இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் இது தாராளம்.

எர்த் நல்லதாக ஆக ஆகப் பரிவு கூர்மையாகும். 37 ஓமில் 11 கிலோஹேர்ட்ஸ் அகலம் இருந்தது 22 ஓமில் 6.6 ஆகச் சுருங்கும். ஓலை ஆடி 2 பிக்கோஃபாரட் மாறினால் பரிவு 2.3 கிலோஹேர்ட்ஸ் நகரும். ஆகவே எர்த்தைத் திருத்தியபின் முன்னைவிட அடிக்கடி சரிப்படுத்தவேண்டி வரும், அது நல்ல அறிகுறி.

ஒரு அம்பியர் ஓடும்போது கொயிலின் மேல்முனையில் 1600 வோல்ற் இருக்கும், உச்சம் 2250. அனுப்பும்போது தொட்டால் தோல் கருகும். கொயிலைக் கவிழ்த்த பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். பீப்பாவின் அடியைக் கொசுவலையால் மூடவேண்டும். பல்லியும் எறும்பும் சிலந்தி வலையும் உள்ளே போனால் மேல்முனையில் பொறி பாயும், பிவிசி கருகி அந்தத் தடம் நிரந்தரமாகும். உப்புப் படிவது கண்ணுக்குத் தெரியாது, அளக்கும் கருவியில்தான் தெரியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கொயிலையும் இன்சுலேற்றர்களையும் கழுவிக் காயவிடுங்கள்.

பொருத்தமாக்கும் ட்ரான்ஸ்போமர்

கொயிலின் அடியில் 20 முதல் 50 ஓமுக்குள் ஏதோவொரு தடை இருக்கும், பரப்பிக்கு வேண்டியது 50. எஃப்ரி240-43 ஃபெரைற் வளையத்தில் முதற் சுருள் 12 சுற்று, இரண்டாம் சுருள் 12 சுற்று, அதில் 8, 9, 10, 11இல் கொக்கிகள். 8இல் 22 ஓம், 9இல் 28, 10இல் 35, 11இல் 42 பொருந்தும். இரு சுருளும் மின்சாரத்தால் தொடர்பில்லாமல் இருக்கட்டும், வீட்டுப் பக்க இரைச்சல் அன்ரெனாவுக்குப் போகாமல் இது தடுக்கும். வளையம் கிடைக்காவிட்டால் பழைய குழாய் ரிவியின் லைன் அவுட்புட் ட்ரான்ஸ்போமரை உடைத்தெடுத்த யு வடிவக் கருக்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டலாம். ரிவி திருத்தும் கடைகளில் இன்னும் கிடக்கின்றன.

அன்ரெனா ஓட்டத்தை அளக்காமல் எதையும் நம்பவேண்டாம். எஃப்ரி50-43 வளையத்தில் 20 சுற்று, அதன் குறுக்கே 50 ஓம், ஷொட்கி டயோட், 10 நானோஃபாரட். கொயிலின் அடிக் கம்பியை வளையத்தின் நடுவால் செலுத்துங்கள். ஒரு அம்பியருக்கு 2.5 வோல்ற் எழும், டயோட்டுக்குப் பின்னால் மல்ரிமீற்றர் 3.3 வோல்ற் அளவில் காட்டும்.

பரப்பி

எஸ்ஐ5351 தொகுப்பியை (வேண்டிய மீடிறனை உருவாக்கும் சில்லை) ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையால் இயக்கி 951.4 கிலோஹேர்ட்ஸ் எடுங்கள். அதை 74எச்சிரி74 என்ற வகுப்பிச் சில்லு இரண்டால் வகுத்து, எதிரெதிர்க் கட்டத்தில் இரண்டு 475.7 வெளியீடுகளைத் தரும். வெறும் 74எச்சி74 வேண்டாம். 5 வோல்ற்றில் ஓடும் அதற்கு எஸ்ஐ5351இன் 3.3 வோல்ற் போதாமல் விட்டுவிட்டு எண்ணும். வெளியீடு ஒவ்வொன்றும் ஒரு ரிசி4420 ஓட்டிச் சில்லு ஊடாக ஓர் ஐஆர்எஃப்540 மொஸ்ஃபெற்றின் கேற்றை ஓட்டும். ஒரே ரிசி4427ஆல் இரண்டையும் ஓட்டப் பார்த்தால் அது சூடாகி நின்றுவிடும். இந்த மீடிறனில் ஒரு கேற்றுக்கே 0.4 வாற் போகிறது.

பலரின் பரப்பி எரியும் இடம் அடுத்தது. தொகுப்பி நின்றால் வகுப்பியின் ஒரு வெளியீடு உயரத்திலேயே நிற்கும். அந்த மொஸ்ஃபெற் திறந்தபடி இருக்க, ட்ரான்ஸ்போமர் சுருள் மின்வழங்கலை நேரடியாகக் குறுக்கிணைக்கும். இதைத் தடுக்க வகுப்பிக்கும் ரிசி4420க்கும் இடையில் 1 நானோஃபாரட் தொடராகவும், உள்ளீட்டிலிருந்து நிலத்துக்கு 10 கிலோஓமும், அதற்கு இணையாக 1என்4148 டயோட்டும் போடுங்கள், கதோட் உள்ளீட்டுப் பக்கம். துடிப்பு நின்றால் பத்து மைக்ரோசெக்கனில் இரு கேற்றும் தாழ்ந்துவிடும்.

வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் எஃப்ரி140-43இல். முதற் சுருள் இரு வயரை முறுக்கி 4+4 சுற்று, நடுமுனைக்கு 13.8 வோல்ற். இரண்டாம் சுருள் 12 சுற்று. 25 வாற் வரும், 2.1 அம்பியர் இழுக்கும். அதன்பின் வடிகட்டி, கொயில்கள் தொடராகவும் கொண்டென்சர்கள் நிலத்துக்கும்: 8.2 மைக்ரோஹென்றி, 8.2 நானோஃபாரட், 26.5 மைக்ரோஹென்றி, 8.2 நானோஃபாரட், 8.2 மைக்ரோஹென்றி. ரி106-2 வளையத்தில் 25 சுற்று 8.2ஐயும் 44 சுற்று 26.5ஐயும் தரும். கொண்டென்சர்கள் 630 வோல்ற் பொலிப்புறப்பிலீன், சாதாரண செராமிக் சூடாகி அளவு நகரும். இந்த வடிகட்டியை விட்டுவிட முடியாது. மும்மடங்கு மீடிறன் 1427 கிலோஹேர்ட்ஸ், மத்திய அலைப் பட்டைக்குள். பக்கத்து வீட்டு வானொலியில் உங்கள் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். வடிகட்டி கொயிலில் தொடங்கவேண்டும், கொண்டென்சரில் தொடங்கினால் மொஸ்ஃபெற்றுகள் அதை ஏற்றி இறக்கியே சூடாகும்.

முதல் சோதனையில் மின்வழங்கலோடு தொடராக 12 வோல்ற் 21 வாற் மோட்டார்சைக்கிள் பல்பு ஒன்றைப் போடுங்கள். பிழை இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மொஸ்ஃபெற் தப்பும். சுமைக்கு 1 கிலோஓம் 2 வாற் தடைகள் இருபது, இணையாக. பல்பை நீக்கியபின் சுமையின் குறுக்கே யூஎஃப்4007 டயோட், 10 நானோஃபாரட் வைத்து அளந்தால் 50 வோல்ற் அளவு காட்டவேண்டும். 40க்குக் கீழே என்றால் வடிகட்டி வளையங்களின் சுற்றுகளை மறுபடி எண்ணுங்கள். வளையத்தின் நடுத்துளையால் ஒருமுறை போனாலே ஒரு சுற்று என்பதை மறந்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. பாகங்களில் பெரும்பாலானவை கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், வளையங்களை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேரலாம்.

மின்வழங்கலுக்கு 12 வோல்ற் பற்றரி. மலிவான சுவிட்ச் முறைச் சார்ஜரைக் கேட்கும் நேரத்தில் கழற்றி விடுங்கள்.

அனுப்புதல்

பேச்சு இந்தப் பட்டைக்குரியதல்ல. தொடங்க உகந்தது விஸ்பர் (WSPR) என்ற கணினிவழி அனுப்பு முறை. உங்கள் அழைப்புக் குறி, இருப்பிடச் சதுரம், வலு ஆகிய மூன்றையும் 110.6 செக்கன் நீளத்துக்கு நாலு தொனிகளாக அனுப்பும். அகலம் 6 ஹேர்ட்ஸ். காதுக்கு எட்டாத சமிக்ஞையையும் கேட்பவரின் கணினி வாசித்து இணையத்தில் பதிந்துவிடும். தொனி இடைவெளி 1.46 ஹேர்ட்ஸ். தொகுப்பியை இரட்டிப்பு மீடிறனில் ஓட்டுவதால் நீங்கள் அதற்குக் கொடுக்கவேண்டியது 2.93. இதை மறந்தால் பரப்பி ஒழுங்காக இயங்கும், யாரும் வாசிக்கமாட்டார்கள். வெளியே போகும் மீடிறன் 475.6க்கும் 475.8க்கும் இடையில் நிற்கவேண்டும். கேட்பதற்கு ஏற்பியை 474.2இல் மேல்பக்கப் பட்டையில் வையுங்கள்.

அனுப்பத் தொடங்கும் நேரம், இரட்டை எண் நிமிடம் பிறந்து ஒரு செக்கனில். உலக நேரத்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். 30 இரட்டை எண் என்பதால் அங்கே இரட்டை நிமிடம் இங்கேயும் இரட்டை நிமிடமே. நேரம் இரண்டு செக்கன் தவறினால் வாசிப்பு கிடைக்காது, ஆகவே நியோ-6எம் ஜிபிஎஸ் ஒன்றை ஆர்டுயினோவோடு சேர்த்துவிடுங்கள்.

இருப்பிடச் சதுரம் (உலகைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் குறியீடு) மட்டக்களப்பு நகர், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை நகர் எல்லாவற்றுக்கும் என்ஜே07. பொத்துவிலுக்கு என்ஜே06. 80 பாகைக் கோட்டுக்குக் கிழக்கே இருப்பதால் முதலெழுத்து என். கொழும்புக்குரிய எம்ஜே96ஐப் பழக்கத்தில் போட்டால் உங்களிலிருந்து தூரம் எல்லாம் பிழையாகக் காட்டும்.

பொழுது பட்டு ஒரு மணி கழித்துத் தொடங்குங்கள். பகலில் கீழ் அயன் மண்டலம் இந்த அலையை உறிஞ்சிவிடும், தரையோடு போகும் அலை மட்டும் மிஞ்சும். கிழக்கே திறந்த கடல் இருப்பதால் அந்தத் திசையில் தரையலைக்கு இழப்புக் குறைவு. இரண்டு நிமிடத் தவணைகள் ஐந்தில் ஒன்றில் அனுப்பி மற்ற நாலிலும் கேளுங்கள். ஜப்பான், அவுஸ்திரேலியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் இந்தப் பட்டையில் உற்சாகமாகக் கேட்பவர்கள் உண்டு. முதல் வாரம் ஒன்றும் வராவிட்டாலும் எதையும் பிரிக்கவேண்டாம். ஓட்டமானி 0.8 அம்பியர் காட்டுகிறதா, தொனி இடைவெளி சரியா, நேரம் சரியா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் இடிமழை ஓயும்வரை பொறுத்திருப்பதுதான் வேலை.

செய்தியில் வலுவைக் கதிர்வீச்சு வலுவாகவே குறியுங்கள். 0.58 வாற் என்றால் விஸ்பரின் வலுப் பட்டியலில் 27 (dBm). பரப்பியின் 25 வாற்றைப் போட்டால் உங்கள் அன்ரெனாவை மற்றவர்களால் மதிப்பிட முடியாது.

137க்கு இறங்குவதென்றால்

அதே அன்ரெனாவுக்கு 6.4 மில்லிஹென்றி வேண்டும். 280 மில்லிமீற்றர் விட்டமுள்ள 20 லீற்றர்ப் பெயின்ற் வாளியில் 0.8 மில்லிமீற்றர் எனாமல் கம்பி 145 சுற்று, 128 மீற்றர். கதிர்வீச்சுத் தடை 0.024 ஓமுக்கு விழுந்துவிடும். கொயில் மட்டுமே 20 ஓமுக்கு மேல் தின்னும். ஒரு அம்பியர் ஓட்டினால் மேல்முனையில் 5500 வோல்ற், வெளியே போவது 0.07 வாற். முழு 1 வாற் எல்லையைத் தொட 3.7 அம்பியர் வேண்டும், அப்போது 20,000 வோல்ற். உப்புக் காற்றில் அதைத் தாங்கும் இன்சுலேற்றரை வீட்டில் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு அம்பியரோடு நிறுத்தி, நேரத்தை நீட்டுங்கள். விஸ்பரைப் போன்ற எஃப்எஸ்ரி4டபிள்யூ முறையில் ஒரே செய்தியை 900 அல்லது 1800 செக்கனுக்கு நீட்டி அனுப்பலாம், வலுவில் இல்லாததை நேரம் ஈடுசெய்யும். அவ்வளவு நேரம் மீடிறன் அசையாமல் இருக்க, எஸ்ஐ5351இன் சாதாரணப் படிகத்துக்குப் பதில் வெப்பநிலை ஈடுசெய்யப்பட்ட 25 மெகாஹேர்ட்ஸ் அலையாக்கி ஒன்றைப் போட்டு, மின்விசிறிக் காற்றுப் படாமல் சிறு பெட்டிக்குள் மூடி வையுங்கள்.